கட்டாம பாத்துக்க முடியுமா: கெண்டால் குவேக்கர் முதியோர் குடியிருப்போட கதை

1989 டிசம்பர் 4ஆம் தேதி, வாஷிங்டன். அமெரிக்க செனட்டோட முதியோர் விவகார சிறப்புக் கமிட்டி முன்னாடி ஒரு கருத்தரங்கு நடந்துச்சு. அன்னிக்கு எடுத்துக்கிட்ட விஷயம் ஒண்ணே ஒண்ணுதான், நர்ஸிங் ஹோம்ல (நம்ம ஊர்ல சொல்ற சின்ன ஆஸ்பத்திரி இல்ல, முடியாத வயசானவங்கள தங்க வெச்சு பாத்துக்கற விடுதி) இருக்கறவங்கள நாற்காலியோடயும் கட்டிலோடயும் கட்டி வைக்கிறத நிறுத்த முடியுமா முடியாதா. கருத்தரங்குக்கு வெச்ச பேரைத் தமிழ்ல சொன்னா 'வயசானவங்கள அவுத்து விடுங்க'ன்னு வரும். நாம இந்த வார்த்தைய மாட்டுக்குத்தான் சொல்லுவோம், மனுஷங்களுக்கு சொல்றப்போ வயித்த என்னமோ பண்ணுது, ஆனா அந்தக் காலத்துல அமெரிக்க நர்ஸிங் ஹோம்கள்ல நடந்தது அதேதான்.

இந்தப் பேச்ச கிளப்பி செனட் வரைக்கும் கொண்டு போனதுல பெரிய பங்கு கெண்டால்-கிராஸ்லேண்ட்ஸ்ங்கற ஒரு முதியோர் குடியிருப்புக்கு உண்டு. பென்சில்வேனியா மாநிலத்துல கென்னட் ஸ்கொயர்னு ஒரு சின்ன ஊரு, அங்க குவேக்கர்கள் ஆரம்பிச்ச இடம். 1973ல கதவு திறந்த நாள்ல இருந்தே யாரையும் கட்டி வைக்கிறதில்லன்னு முடிவெடுத்து நடத்தினாங்க. பதினாறு வருஷம் செஞ்சு பாத்துட்டு வந்துதான் செனட்ல நின்னாங்க.

குவேக்கர்னு சொன்னதும் நம்ம ஆளுங்களுக்கு ஓட்ஸ் பாக்கெட்டுல தொப்பி போட்ட தாத்தாதான் ஞாபகம் வரும். அந்தக் கம்பெனிக்கும் இந்த மதக்குழுவுக்கும் சம்பந்தமே இல்ல, நல்ல பேருன்னு எடுத்து வெச்சுக்கிட்டாங்க, அவ்வளவுதான். குவேக்கர்கள் 1650கள்ல இங்கிலாந்துல ஜார்ஜ் ஃபாக்ஸ்ங்கறவர சுத்தி உருவான கிறிஸ்தவக் குழு. அவங்க பழைய வழக்கப்படி பாதிரியார் கிடையாது, கூட்டத்துல பாட்டு பிரசங்கம் எதுவும் இல்லாம எல்லாரும் அமைதியா உக்காந்திருப்பாங்க, யாருக்காவது உள்ளுக்குள்ள இருந்து ஒண்ணு வந்தா எழுந்து சொல்லுவாங்க. ஒவ்வொரு மனுஷன்கிட்டயும் கடவுளோட ஏதோ ஒண்ணு இருக்குங்கறதுதான் அவங்க நம்பிக்கையோட அடிவேர். கோத்தகிரில பல வருஷம் இருந்து, அதுக்கு முன்னாடி சென்னை பென்டிங்க் ஸ்கூல்ல டீச்சரா வேலை பாத்த மார்ஜரி சைக்ஸ் அம்மாவும் குவேக்கர்தான், அவங்கள தெரிஞ்சவங்களுக்கு இந்தக் குழுவோட குணம் ஓரளவு புரியும்.

கெண்டால்ங்கற பேரே இங்கிலாந்துல இருந்து வந்ததுதான். வடமேற்கு இங்கிலாந்துல இருக்கற சந்தை ஊரு கெண்டால், ஆரம்பகால குவேக்கர்களுக்கு ரொம்ப முக்கியமான இடம். 1654ல மார்கரெட் ஃபெல்ங்கற அம்மா அந்த ஊர் பேர்ல ஒரு நிதி ஏற்பாடு பண்ணாங்க, ஊர் ஊரா போய் பேசினவங்களுக்கும் அதுக்காக ஜெயிலுக்குப் போனவங்களுக்கும் அவங்க குடும்பத்துக்கும் உதவுறதுக்கு. ஒருத்தருக்கு முடியாம போனா கூட்டம் தாங்கணும்ங்கற பழக்கம் அப்பவே வந்துடுச்சு.

கட்டுறது அவுக்கறதுங்கற விஷயத்துலயும் இவங்களுக்கு ஒரு பழைய கணக்கு இருக்கு, இதை விட்டுட்டு கெண்டால் கதைய சொன்னா பாதிதான் புரியும். 1790ல ஹன்னா மில்ஸ்னு ஒரு குவேக்கர் விதவை, மனநலம் சரியில்லாம யார்க் நகரத்து மனநோய் விடுதில சேர்த்தாங்க, சில வாரத்துலயே இறந்துட்டாங்க. பாக்கப் போன குவேக்கர்கள உள்ளயே விடல. உள்ள என்ன நடந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது. இது வில்லியம் டியூக்ங்கற தேயிலை காப்பி வியாபாரிய ரொம்ப பாதிச்சுது, நாமளே ஒரு இடம் கட்டுவோம்னு கிளம்பி 1796ல யார்க்ல ரிட்ரீட்ங்கற விடுதிய திறந்தாங்க. மத்த இடங்கள்ல சங்கிலி போட்டு சுவத்தோட பூட்டி வெச்சிருந்த காலத்துல இங்க சங்கிலி கிடையாது, தோட்டம், வேலை, சேர்ந்து சாப்பாடு, மரியாதையான பேச்சு. முழுசா கட்டே இல்லன்னு சொல்ல முடியாது, சில பேருக்கு துணி ஜாக்கெட் மாதிரி போட்டாங்க, ஆனா திசை மாறிடுச்சு. அதைப் பாத்துட்டு வந்த தாமஸ் ஸ்கேட்டர்குட்ங்கற அமெரிக்க குவேக்கர் ஊர்ல போய் சொல்ல, 1813ல அமைப்பு ஆரம்பிச்சு 1817ல ஃபிலடெல்ஃபியா பக்கத்துல ஃபிராங்க்ஃபோர்ட்ல ஃப்ரெண்ட்ஸ் அசைலம் திறந்துச்சு. அதே ஃபிலடெல்ஃபியா வட்டாரத்து குவேக்கர்கள்தான் நூத்தம்பது வருஷம் கழிச்சு கெண்டால் கட்டினாங்க.

அந்த 1960கள் அமெரிக்கால வயசானவங்க நிலைமை எப்படி இருந்துச்சுன்னு கொஞ்சம் சொல்லணும். முன்னெல்லாம் போக்கிடம் இல்லாத கிழவன் கிழவிங்க கவுண்டிங்கற மாவட்ட நிர்வாகம் நடத்துற ஏழைகள் விடுதிக்குத்தான் போகணும். 1935ல சோஷியல் செக்யூரிட்டி சட்டம் வந்தப்போ அரசாங்க விடுதில இருக்கறவங்களுக்கு முதியோர் உதவிப் பணம் கிடையாதுன்னு ஒரு விதி போட்டாங்க, ஏழைகள் விடுதி ஒழியட்டும்னு நல்ல எண்ணத்துலதான் போட்டாங்க, ஆனா பணம் வாங்கிட்டு வயசானவங்கள வெச்சுக்கிற தனியார் வீடுகள் புத்தீசல் மாதிரி முளைச்சுது. 1965ல முதியோருக்கு மெடிகேர், ஏழைகளுக்கு மெடிகெய்ட்னு ரெண்டு அரசாங்க மருத்துவத் திட்டம் வந்ததும் அரசாங்கப் பணம் நர்ஸிங் ஹோமுக்கு கொட்ட ஆரம்பிச்சுது. மெடிகேர் ஆஸ்பத்திரி செலவ பாத்துக்கும், வருஷக்கணக்கா குளிப்பாட்டி சோறு ஊட்டி பாத்துக்கற செலவ பாத்துக்காது, அதுக்கு கையில இருக்கற காசெல்லாம் கரைஞ்சு ஏழையானாதான் மெடிகெய்ட் வரும். நடுத்தரக் குடும்பத்துக்கு இதுதான் பெரிய பயம், இன்னிக்கும்.

குவேக்கர்கள் 1890கள்லயே வெஸ்ட் செஸ்டர் மாதிரி ஊர்கள்ல சின்னச் சின்ன போர்டிங் ஹோம் நடத்திட்டு இருந்தாங்க. 1967ல ஃபிலடெல்ஃபியாவுக்கு வடக்க க்வினெட்ல ஃபௌல்க்வேஸ்னு ஒண்ணு திறந்தாங்க, அது புது மாதிரி. உடம்பு நல்லா இருக்கறப்பவே ஒரு தொகை கட்டி உள்ள வரணும், மாசாமாசம் ஒரு தொகை, அதுக்கப்புறம் நடக்க முடியலனாலும் நினைவு தப்பினாலும் அதே வளாகத்துக்குள்ளயே கடைசி வரைக்கும் பாத்துப்பாங்க. 1971ல நியூஜெர்ஸில மெட்ஃபோர்ட் லீஸ். அந்த வரிசைல 1973ல கெண்டால் அட் லாங்வுட். நாலு வருஷத்துல பக்கத்துலயே கிராஸ்லேண்ட்ஸ், 1977.

இடத்தையும் சொல்லிடறேன். ஃபிலடெல்ஃபியாவுல இருந்து தென்மேற்கே சுமார் 50 கிலோமீட்டர், லாங்வுட் கார்டன்ஸ்னு பெரிய தோட்டம் இருக்கே அதுக்குப் பக்கம். அந்தத் தோட்டமே பியர்ஸ்னு ஒரு குவேக்கர் குடும்பத்தோட நிலம், அண்ணன் தம்பி ரெண்டு பேர் 1798ல மரம் நட ஆரம்பிச்சாங்க, 1906ல அந்த மரங்கள வெட்டப் போறாங்கன்னு தெரிஞ்சு பியர் டுபான்ட்ங்கற தொழிலதிபர் வாங்கி காப்பாத்தினாரு. கென்னட் ஸ்கொயர் காளான் வளர்ப்புக்கு பேர் போன ஊரு, அதை அங்க ஆரம்பிச்சதும் ஒரு குவேக்கர் பூ வியாபாரிதான். இதுக்கெல்லாம் மேல, அடிமைத்தனத்துல இருந்து தப்பி வந்த கறுப்பின மக்கள ஒளிச்சு வெச்சு வடக்க அனுப்பின வீடுகள் இந்தச் சுத்துவட்டாரத்துல நிறைய. அடிமை முறைய எதிர்த்த லாங்வுட் முற்போக்கு குவேக்கர்களோட கூட்ட மண்டபம் இன்னும் நிக்குது, 1862 ஜூன்ல அங்கேந்து ஒரு குழு போய் லிங்கனையே பாத்து அடிமைகள விடுவிங்கன்னு கேட்டுட்டு வந்துச்சு. கட்ட அவுக்கறது அந்த மண்ணுக்கு புதுசில்லைன்னு நான் சொல்றது இதனாலதான்.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். அப்போ அமெரிக்க நர்ஸிங் ஹோம்ல கட்டி வைக்கிறது தப்பா யாரும் நினைக்கல, அது பாதுகாப்புன்னுதான் நினைச்சாங்க. இடுப்புக்கு பெல்ட், மார்புக்கு ஜாக்கெட் மாதிரி ஒண்ணு, மணிக்கட்டுக்கு துணி, எழுந்திருக்க முடியாதபடி முன்னாடி பலகை பூட்டின நாற்காலி, கட்டிலுக்கு ரெண்டு பக்கமும் கம்பித் தடுப்பு. 1980கள் கடைசில நர்ஸிங் ஹோம்ல இருந்தவங்கள்ல 100க்கு சுமார் 40 பேர் ஏதோ ஒரு விதத்துல கட்டப்பட்டிருந்தாங்கன்னு கணக்கு. காரணம் கேட்டா எல்லா இடத்துலயும் அதே பதில்தான். விழுந்துடுவாங்க, விழுந்தா இடுப்பு உடையும், உடைஞ்சா குடும்பம் கேஸ் போடும், பாத்துக்க ஆள் பத்தல. இதே நேரத்துல பிரிட்டன்லயும் டென்மார்க்லயும் கட்டுறது ரொம்ப கம்மி, அங்கயும் அதே வயசு அதே எலும்புதான். இத நேர்ல பாத்துட்டு வந்த அமெரிக்க நர்ஸுங்களுக்கு அப்புறம் தூக்கம் வரல.

கெண்டால் என்ன பண்ணாங்கன்னா பெல்ட்ட எடுத்துட்டு சும்மா விட்டுடல, அங்கதான் வேலையே ஆரம்பிக்குது. ஒருத்தர் திரும்பத் திரும்ப நாற்காலில இருந்து எழுந்திருக்கறாருன்னா அவரு ஏன் எழுந்திருக்கறாருன்னு கண்டுபிடிக்கணும். ஒண்ணுக்கு வருதா, பசியா, உக்காந்து உக்காந்து பின்பக்கம் வலிக்குதா, நாற்காலி உசரம் சரியில்லையா, மாத்திரை தலைய சுத்துதா, அந்த நேரத்துக்கு வழக்கமா வாக்கிங் போற ஆளா, இல்ல சாயங்காலமானா புள்ளைங்க ஸ்கூல்ல இருந்து வந்துடும்னு தேடுற அம்மாவா. காரணம் தெரிஞ்சா வழியும் தெரியும். ஒண்ணுக்கு வர்ற நேரத்துக்கு முன்னாடியே கூட்டிட்டு போறது, கட்டில தரையோட தரையா தாழ்த்துறது, பக்கத்துல மெத்தை போடுறது, உடம்புக்கு ஏத்த நாற்காலி, பாதுகாப்பா நடக்க இடம். ஒரே ஆளுக்கு தினமும் அதே நர்ஸ் உதவியாளர போடுறதும் இதுல முக்கியம், ஏன்னா பழகினவங்களுக்குத்தான் இந்தம்மா இப்படி முனகினா இதுக்குத்தான்னு தெரியும்.

இந்த இடத்துல என் சொந்த விஷயம் ஒண்ணு. எங்க ஆச்சிய கடைசியா ஒரு ஆஸ்பத்திரில சேர்த்திருந்தப்போ ரெண்டு கையையும் பேண்டேஜ் துணியால கட்டில் கம்பியோட கட்டிட்டாங்க, டியூப்ப பிடுங்குறாங்கம்மான்னு சொன்னாங்க, நாங்களும் சரின்னு தலையாட்டினோம். ஆச்சி என்னைப் பாத்து 'அவுத்து விடு கண்ணு'ன்னு சொல்லிட்டே இருந்தாங்க. நான் கைய பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேனே தவிர, டியூப் எங்க உறுத்துதுன்னு கேக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல. அங்க இருந்த நர்ஸுங்க கெட்டவங்க இல்ல, ராத்திரில ஒரு ஆளு எத்தன பேர பாப்பாங்க. ஆனா கெண்டால் பத்தி படிச்சதுக்கு அப்புறம் அந்த ஒரு கேள்வி மனசுல இருந்து போக மாட்டேங்குது, அதனாலதான் இத இவ்வளவு நீளமா எழுதறேன்.

கட்டி வெச்சா பத்திரமாங்கறதையும் ஆராய்ச்சி பண்ணி பாத்தாங்க. கட்டிப் போட்ட உடம்பு தசை கரையும், படுக்கைப் புண் வரும், தானா பாத்ரூம் போயிட்டு இருந்தவங்க அதை இழந்துடுவாங்க, மனசு குழம்பி கத்துவாங்க, கத்தினா இன்னும் இறுக்கிக் கட்டுவாங்க. பெல்ட்டுலயே சிக்கி கழுத்து நெரிஞ்சு செத்தவங்களும் உண்டு, 1992ல அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே இந்தச் சாதனங்களோட ஆபத்து பத்தி எச்சரிக்கை விட வேண்டி வந்துச்சு. 1997ல பென்சில்வேனியா யுனிவர்சிட்டியோட நர்ஸிங் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட ஒரு ஆய்வுல, ஸ்டாஃபுக்கு பயிற்சியும் கூடவே நிபுணர் ஆலோசனையும் குடுத்த நர்ஸிங் ஹோம்ல கட்டுறது குறைஞ்சுது, அதுக்காக ஆள் கூட்ட வேண்டி வரல, பெரிய காயங்களும் கூடல. விழவே மாட்டாங்கன்னு யாரும் சொல்லல. நடக்கற மனுஷன் சில சமயம் விழுவான், அந்த ரிஸ்க்க குடும்பத்துக்கிட்ட முன்னாடியே உக்காந்து பேசணும், அதுவும் இந்த முறையோட ஒரு பாகம்தான், எனக்குத் தெரிஞ்சு கஷ்டமான பாகமும் அதுதான்.

1980கள் நடுவுல கெண்டால்காரங்க இதை தங்களோட வெச்சுக்காம வெளில சொல்ல ஆரம்பிச்சாங்க. அங்க இருந்த ஒரு நர்ஸ் 1988ல அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் நர்ஸிங்ல எழுதினாங்க, நியூஸ் லெட்டர் போட்டாங்க, மத்த ஹோம்கள்ல இருந்து வந்து பாக்கறவங்களுக்கு காட்டினாங்க. நேரமும் சேர்ந்து வந்துச்சு. 1986ல ஒரு பெரிய தேசிய அறிக்கை நர்ஸிங் ஹோம் தரம் பத்தி கடுமையா எழுதியிருந்துச்சு, 1987 டிசம்பர்ல நர்ஸிங் ஹோம் சீர்திருத்தச் சட்டத்துல அதிபர் ரீகன் கையெழுத்து போட்டாரு. தண்டனைக்காகவோ ஸ்டாஃபோட வசதிக்காகவோ யாரையும் கட்டக்கூடாது, மருத்துவக் காரணம் இருந்தாதான்னு அதுல இருக்கு. 1990 அக்டோபர்ல அமலுக்கு வந்துச்சு. சட்டத்த கெண்டால் எழுதலை, அதுக்குப் பின்னாடி நோயாளிகள் உரிமைக்காக வருஷக்கணக்கா போராடினவங்க நிறைய பேர். ஆனா சட்டம் வந்ததும் ஹோம் நடத்துறவங்க எல்லாம் 'இது நடைமுறைல முடியாது'ன்னு சொன்னாங்க பாருங்க, அப்போ கைநீட்டி காட்ட ஒரு இடம் இருந்துச்சு. 1989 கருத்தரங்குக்கு அவ்வளவு முக்கியத்துவம் வந்தது அதனாலதான்.

அமெரிக்க நர்ஸிங் ஹோம்கள்ல கட்டப்பட்டவங்க அளவு 1991ல சுமார் 21 சதவீதமா இருந்தது, 2007 வாக்குல 5 சதவீதத்துக்கு கீழ வந்துடுச்சு. பென்சில்வேனியா மாநில சுகாதாரத் துறையோட சேர்ந்து மத்த நர்ஸிங் ஹோம்களுக்குப் போய் பயிற்சி குடுக்கற வேலையையும் கெண்டால் ஆளுங்க செஞ்சாங்க.

காசு விஷயத்த மறைக்கக் கூடாது. இந்த மாதிரி இடத்துக்குள்ள வரணும்னா பெரிய தொகை கட்டணும், பெரும்பாலும் சொந்த வீட்ட வித்த காசு, அதுக்கு மேல மாசக் கட்டணம். வீடு உங்க பேருக்கு வராது, கடைசி வரைக்கும் இருக்கறதுக்கும் பாத்துக்கறதுக்குமான உரிமைதான் வரும். ஒரு வகைல இன்ஷூரன்ஸ் மாதிரி, நல்லா இருக்கறவங்க கட்டற காசுல முடியாதவங்க செலவு நடக்குது, அதனாலதான் உடம்பு ஓரளவு நல்லா இருக்கறப்பவே வரணும்னு கண்டிஷன். இதுல கணக்கு தப்பினா என்ன ஆகும்ங்கறதுக்கு 1977ல கலிஃபோர்னியால ஒரு உதாரணம் இருக்கு, மெதடிஸ்ட் சர்ச் தொடர்புள்ள பசிஃபிக் ஹோம்ஸ் திவால் ஆச்சு. ஆரம்பத்துல ஒரே தொகைய வாங்கிட்டு ஆயுசு முழுக்க பாத்துக்கறோம்னு சொன்னாங்க, ஆளுங்க நினைச்சத விட அதிக வருஷம் வாழ்ந்தாங்க, புதுசா வர்றவங்க காச எடுத்து பழையவங்களுக்கு செலவு பண்ணி கடைசில முங்கிடுச்சு. அதுக்கப்புறம்தான் மாநிலங்கள் ஒவ்வொண்ணா முழிச்சுக்கிட்டுது, பென்சில்வேனியால 1984ல சட்டம் வந்துச்சு, நிதி நிலைமைய சேர்றவங்களுக்கு வெளிப்படையா காட்டணும்னு. 1985ல குவேக்கர்களே இன்னொரு வழியும் பாத்தாங்க, குடியிருப்புக்கு வராம சொந்த வீட்டுலயே இருந்துக்கிட்டு இதே மாதிரி காப்பு எடுத்துக்கற ஃப்ரெண்ட்ஸ் லைஃப் கேர். அப்பவும் காசு இருக்கறவங்களுக்குத்தான். கெண்டால் மேல எனக்கு இருக்கற ஒரே மனத்தாங்கல் இதுதான், எல்லார்கிட்டயும் கடவுளோட அம்சம் இருக்குன்னு சொல்ற கூட்டம் கட்டின வீட்டுக்குள்ள வீடு நிலம் சேர்த்து வெச்சவங்கதான் வர முடியுது. கட்டாம பாத்துக்கறது ஏழைக்கும் போய் சேர்ந்தது சட்டத்தாலதான்.

உள்ள எப்படி நடத்தறாங்கங்கறதுலயும் குவேக்கர் பழக்கம் தெரியும். குவேக்கர் கூட்டத்துல ஓட்டு எடுக்க மாட்டாங்க, எல்லாரும் பேசி ஒரு முடிவு தெளியற வரைக்கும் காத்திருப்பாங்க, ஆகாட்டி அடுத்த கூட்டத்துக்கு தள்ளிடுவாங்க. வெளில இருந்து பாத்தா ரொம்ப மெதுவா தெரியும். ஆனா இங்க குடியிருக்கறவங்களே லைப்ரரி, தோட்டம், வரவேற்புன்னு கமிட்டி போட்டு நடத்தறாங்க, எண்பது வயசுலயும் ஒரு பொறுப்பு கையில இருக்கு. குவேக்கரா இருந்தாதான் வரலாம்னு கட்டாயமும் இல்ல.

அப்புறம் பேர் பரவுச்சு. 1991ல நியூ ஹாம்ப்ஷயர்ல ஹனோவர், 1993ல ஒஹையோல ஓபர்லின், 1995ல நியூயார்க் மாநிலத்துல இத்தாக்கா, 2005ல ஹட்சன் ஆத்தங்கரைல ஒண்ணு. முதல் மூணும் டார்ட்மத், ஓபர்லின், கார்னெல்னு காலேஜ் இருக்கற ஊர்கள். ஓபர்லின்ல வளாகத்துக்குள்ளயே சின்னக் குழந்தைங்க பள்ளி இருக்கு. இத்தாக்கால நோபல் வாங்கின இயற்பியலாளர் ஹான்ஸ் பெத்தே குடியிருந்தாரு, 1999ல தொண்ணூத்து மூணு வயசுல பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு குவாண்டம் தியரி பத்தி மூணு லெக்சர் எடுத்தாரு. கேட்டவங்களும் கிட்டத்தட்ட அவர் வயசுக்காரங்கதான். அந்த வீடியோவ யார் வேணா பாக்கலாம், ஒரு மணி நேரம் ஒதுக்கி பாருங்க.

கட்டுற கதை பெல்ட்டோட முடியல. துணியும் பெல்ட்டும் குறைஞ்ச பிறகு நிறைய நர்ஸிங் ஹோம்ல மாத்திரை கூடிச்சோங்கற கவலை வந்துச்சு, மனச்சிதைவுக்கு குடுக்கற மருந்த நினைவு தப்பின வயசானவங்களுக்கு குடுத்து அமைதியா உக்கார வைக்கிறது. கட்டு கண்ணுக்குத் தெரியாது, ஆள் அசைய மாட்டாரு. 2005ல இந்த மருந்துகள் டிமென்ஷியா இருக்கற முதியவங்களோட சாவு அபாயத்த கூட்டுதுன்னு அமெரிக்கால மருந்தோட விவரச் சீட்டுலயே கடுமையான எச்சரிக்கை போட வெச்சாங்க, 2012ல இருந்து நாடு முழுக்க நர்ஸிங் ஹோம்ல இதை குறைக்கறதுக்கு தனி முயற்சி நடக்குது. அங்கயும் முதல்ல கேக்க வேண்டிய கேள்வி கெண்டால் நர்ஸுங்க நாற்காலி பக்கத்துல நின்னு கேட்டதுதான், இவரு ஏன் எழுந்திருக்கறாரு.